வேலை தேடி இடம் மாறும் வீட்டுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும் விடாமல் காப்பதும்: சேலம், ஏற்காடு பகுதிக்கான முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். கார்த்திகை மாதம், சாயங்காலம் ஐந்து மணி. பழம் எடை போடும் இடத்தில் பெண்கள் சாக்கோடு வரிசையாக நிற்கிறார்கள். மேஸ்திரி தராசைப் பார்த்து "நாப்பத்தி ரெண்டரை" என்று சொன்னதும், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒன்பது வயதுப் பெண் "காலைல முப்பத்தொண்ணு, இப்ப எழுபத்து மூணரை ஆச்சும்மா" என்றாள். விரலைக்கூட மடக்கவில்லை.

பையிலிருந்து நோட்டை எடுத்து, "அதை எழுது கண்ணு" என்று கொடுத்தேன். பென்சிலை அரிவாள் பிடிப்பது போல முழுக்கையால் பிடித்தாள். பழத்தின் பிசுபிசுப்பு காய்ந்து நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது. 7 போட்டாள், அது இடம் வலம் மாறி நின்றது. 3 வரவே இல்லை. கல்வராயன் மலை அடிவாரத்தில் இரண்டாம் வகுப்பு பாதி வரை படித்தவள். அதற்கப்புறம் செங்கல் சூளை, கரும்பு வெட்டு, குச்சிக்கிழங்குக் காடு, இப்போது காப்பி.

இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றோ, பெற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்றோ யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வருடம் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. வேலைக்கு அப்படி இல்லை. ஏற்காட்டில் காப்பிப் பழம் நவம்பரில் சிவக்க ஆரம்பித்தால் பிப்ரவரி வரை ஆள் வேண்டும், அதை ஒட்டி மிளகு வரும். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில், பறிப்பு உச்சத்தில் இருக்கும்போது வந்து நிற்கும். முழு ஆண்டுத் தேர்வுக்குள் குடும்பம் வேறு ஊருக்குப் போயிருக்கும். இந்த இரண்டு காலண்டருக்கும் நடுவில்தான் பிள்ளை விழுகிறது. அதனால் பள்ளியில் சேர்ப்பது பாதி வேலைதான். வரும்போது சேர்ப்பது, இருக்கும்போது காப்பது, போகும்போது கையில் கொடுத்து அனுப்புவது, மூன்றையும் செய்தால்தான் பலன்.

லைன் வீட்டுக்கு, அதாவது எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர், எஸ்டேட் ரைட்டர், கடைக்காரர், ஆசிரியர், கொஞ்சம் படித்த அண்ணன் அக்கா, யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். அதிகாரம் எதுவும் தேவையில்லை.

படி 1: முதலில் தம்பியைச் சேருங்கள்

ஆச்சரியமாக இருக்கலாம். பெரிய பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் கைக்குழந்தையைப் பற்றித்தான் கேட்க வேண்டும். எட்டு, ஒன்பது வயதுப் பெண் பிள்ளைகள் வீட்டில் நிற்பதற்குப் பெரும்பாலும் கூலி காரணமில்லை, தம்பி தங்கைதான் காரணம். அம்மா காலை ஏழரைக்குக் காட்டுக்குள் இறங்கிவிடுவார். ஒன்றரை வயதுக் குழந்தையை யார் பார்ப்பது? அக்காதான்.

இதைப் புரிந்துகொள்ளாமல் "புள்ளைய ஏன் படிக்க வைக்கல?" என்று அந்த அம்மாவிடம் கேட்பது பெரிய தப்பு. ஒரு முறை நானே அப்படிக் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, இடுப்பில் இருந்த குழந்தையை இறக்கி என் முன்னால் விட்டுவிட்டு, "நீங்க பாத்துக்கறீங்களா சார்?" என்றார். அன்றிலிருந்து நான் முதலில் போவது அங்கன்வாடிக்குத்தான்.

அங்கன்வாடியில் வெளியூர்க் குடும்பத்துக் குழந்தையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ரேஷன் கார்டு இந்த ஊரில் இருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. குழந்தைக்கு மதியச் சாப்பாடு, முட்டை, சத்துமாவு, எடை பார்ப்பது, தடுப்பூசி எல்லாம் அங்கேயே நடக்கும். ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் எஸ்டேட் நிர்வாகத்திடம் பிள்ளை மடுவம் பற்றிக் கேளுங்கள். 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. சின்ன எஸ்டேட்டில் அது இருக்காது. அங்கே லைன் வீட்டில் வயதான பாட்டி யாராவது இருந்தால், நாலைந்து வீட்டுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துக் குழந்தைகளை அவரிடம் விடலாம். இரண்டு எஸ்டேட்டில் இப்படிச் செய்து பார்த்தேன், நடந்தது.

படி 2: வந்த வாரமே பள்ளிக்குப் போங்கள்

"ஜூன்ல சேர்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஜூனில் அந்தக் குடும்பம் இங்கே இருக்காது.

2009-இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அதில் நாலைந்து பிரிவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், வாக்குவாதத்தில் உதவும். பிரிவு 4: இதுவரை பள்ளிக்கே போகாத பிள்ளையை, பாதியில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். பிரிவு 5: மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., வரத் தாமதமானால் அதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பிரிவு 15: சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று மறுக்கக் கூடாது. அப்புறம் பிரிவு 9: இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதை உறுதிசெய்வது உள்ளாட்சியின் கடமை என்றே எழுதியிருக்கிறது. ஆதாரைப் பொறுத்தவரை, அது இல்லை என்பதற்காகப் பள்ளிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26-ஆம் தேதித் தீர்ப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் முதல் நாள் சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தலைமை ஆசிரியர் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். மலையில் ஒரு பள்ளியில் ஒருவர் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "சேர்த்துக்கறதுல ஒண்ணும் இல்ல சார். ரெண்டு மாசத்துல சொல்லாம கொள்ளாம போயிடுவாங்க. அப்புறம் அந்தப் பேரு என் பள்ளியில இடைநிற்றலா நிக்கும். அந்தப் புள்ள எங்கன்னு தேடி நான் எங்க போவேன்?"

நியாயமான பயம். அதற்குப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும். "இவங்க கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி நான் வந்து சொல்றேன், டி.சி. வாங்கிக் கொடுத்து அனுப்பறது என் பொறுப்பு" என்று சொல்லி உங்கள் போன் நம்பரைச் சேர்க்கைப் படிவத்தில் எழுதிக் கொடுங்கள். பத்தில் எட்டு இடத்தில் கதவு திறந்துவிடும். சொன்னபடி நடந்தும் காட்ட வேண்டும். ஒரு முறை ஏமாற்றினால் அடுத்து வரும் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைக்காது.

எந்தப் பள்ளி? நடந்து போகும் தூரத்தில் உள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளி. நல்ல பள்ளி, சுமாரான பள்ளி என்று தேடிக்கொண்டிருக்க இது நேரமில்லை.

படி 3: மஞ்சப்பை

ஒரு மஞ்சப்பை, உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர். பிள்ளையின் காகிதம் எல்லாம் அதில். குடும்பம் எங்கே போனாலும் அது அரிசி மூட்டையோடு சேர்ந்து போக வேண்டும். ஓலைக் குடிசையில் மழை ஒழுகும், சூளையில் கரையான் அரிக்கும், அதனால் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து உறவுக்காரர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

பிறப்புச் சான்றிதழில்தான் நிறைய பேர் சிக்கிக்கொள்கிறார்கள். பிறப்பு பதிவாவது சொந்த ஊரில் அல்ல, குழந்தை பிறந்த இடத்தில். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் பிறந்த பிள்ளைக்குப் பதிவு சேலம் மாநகராட்சியில் இருக்கும். குடும்பமோ கருமந்துறை கிராம நிர்வாக அலுவலரிடம் போய்த் தேடிக்கொண்டிருக்கும். அதனால் "எந்த ஊர்?" என்று கேட்காதீர்கள், "எந்த ஆஸ்பத்திரியில பொறந்துச்சு?" என்று கேளுங்கள். கர்ப்ப காலத்தில் கொடுத்த தாய் சேய் அட்டை பழைய டிரங்குப் பெட்டியில் கிடந்தால் பொக்கிஷம், அதில் உள்ள 12 இலக்க எண்ணை வைத்துத் தேட முடியும். பதிவாகி, பெயர் மட்டும் எழுதாமல் விட்டிருந்தால் 15 வருடத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் பிறந்து பதிவே ஆகவில்லை, ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது என்றால் கோட்டாட்சியர் வரை போக வேண்டியிருக்கும். அது நாளாகும் வேலை. அதற்காகப் பள்ளிச் சேர்க்கையை நிறுத்தி வைக்க வேண்டாம். மருத்துவமனைப் பதிவு, கிராமச் செவிலியர் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, எதுவுமே இல்லையென்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி, இவற்றில் ஒன்றை வைத்தே சேர்க்கலாம்.

உறுதிமொழி எழுதும்போது பிறந்த தேதியில் நிதானமாக இருங்கள். தேதி தெரியாத பிள்ளைக்கு ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாளைப் போட்டுவிடும் பழக்கம் நம் ஊரில் பல காலமாக உண்டு. அந்தத் தேதிதான் பிறகு பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை கூடவே வரும், மாற்ற அலைச்சல் தனி. அம்மாவிடம் உட்கார்ந்து பேசினால் தேதி கிடைக்கும். "சேர்வராயன் கோயில் தேருக்கு நாலு நாள் முன்னாடி", "பக்கத்து வீட்டுப் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு" என்று சொல்வார். அந்த வருடத்துக் காலண்டரை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். பெயரும் இனிஷியலும் அப்படித்தான். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளியில் ஒரு மாதிரி இருந்தால் பிற்பாடு உதவித்தொகை வரும்போது வங்கியில் மாட்டும்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். சேர்வராயன் மலை, கல்வராயன் மலைப் பக்கத்து மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள் (கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துக் குழம்பும் வெளியூர் அலுவலர்கள் உண்டு, பொறுமையாக விளக்குங்கள்). பழங்குடியினர் சான்றிதழ் தருவது வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர். விசாரணை சொந்த ஊரில் நடக்கும். அதனால் இதை வேலை செய்யும் ஊரிலிருந்து செய்ய முயன்று காலத்தைக் கடத்த வேண்டாம். வைகாசித் திருவிழாவுக்கு எல்லோரும் ஊர் திரும்பும்போது விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

படி 4: எமிஸ் எண்

தமிழ்நாட்டில் பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் என்று ஒன்று உண்டு, பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் அந்தப் பிள்ளைக்கான எண். மஞ்சப்பை தொலைந்தாலும் இந்த எண் இருந்தால் பிள்ளையின் பள்ளி வரலாறு கிடைத்துவிடும்.

வேலை இப்படி நடக்கிறது. பழைய பள்ளி டி.சி. கொடுத்ததும் பிள்ளையின் பெயர் அந்தப் பள்ளிக் கணக்கிலிருந்து இறங்கி "காமன் பூல்" என்ற பொதுத் தொகுப்புக்குப் போகும். புதுப் பள்ளி அங்கிருந்து பெயரை எடுத்துத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். பழைய பள்ளி விடுவிக்காவிட்டால் புதுப் பள்ளியால் கணினியில் சேர்க்க முடியாது. "சேர்த்துக்கறோம், ஆனா எமிஸ்ல ஏறல" என்று ஆசிரியர் சொன்னால் அர்த்தம் இதுதான். பழைய பள்ளியின் பெயர், ஒன்றியம், படித்த வகுப்பு மூன்றையும் பெற்றோரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அந்தத் தலைமை ஆசிரியருக்குப் போன் போட்டு விடுவிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு போனில் முடியும். இழுத்தடித்தால் இரண்டு ஒன்றியத்து வட்டார வள மையமும் (ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை அலுவலகம்) பேசித் தீர்க்கலாம். டி.சி.யை உடனே தராத தலைமை ஆசிரியர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க பிரிவு 5-இலேயே இடம் இருக்கிறது.

சலித்துப் போய் "புதுசா ஒரு நம்பர் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு எண் இருந்தால், பழைய எண்ணில் அது இடைநின்ற பிள்ளையாகவே கிடக்கும், புது எண்ணில் படித்த வருடங்கள் காணாமல் போகும். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு உதவித்தொகை தரும் புதுமைப்பெண் மாதிரி திட்டங்களுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததைக் காட்ட வேண்டும். விட்டுப்போன வருடம் அங்கே வந்து இடிக்கும்.

வெளி மாநிலத்திலிருந்து வந்த பிள்ளைக்கு இந்த எண் இருக்காது, புதிதாகத்தான் போட வேண்டும். தமிழ் தெரியாது என்பதும் மறுக்கக் காரணமாகாது. அந்தப் பிள்ளைகளை விளையாட்டு நேரத்தில் பார்த்திருக்கிறேன், மூன்று மாதத்தில் ஏற்காட்டுத் தமிழ் பேசிவிடுகிறார்கள்.

படி 5: எந்த வகுப்பில் உட்கார வைப்பது

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான்காம் வகுப்பு. எழுதத் தெரியாவிட்டாலும் நான்காம் வகுப்புதான். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்கார வைத்தால் பாடம் புரியும் என்று சிலர் நல்லெண்ணத்தில் சொல்வார்கள். செய்யாதீர்கள். தன்னைவிட இரண்டடி குட்டையான பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்த பெண் ஒரு வாரத்தில் வயிற்று வலி என்று வீட்டில் படுத்துக்கொள்வாள். இதை ஒரு முறைக்கு மேல் பார்த்துவிட்டேன்.

விட்டுப்போனதைப் பிடிக்கத்தான் சிறப்புப் பயிற்சி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநரிடம் பள்ளி செல்லாக் குழந்தை என்று எழுதிக் கொடுத்தால் தொடங்கும். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் முறையில் ஒரே வகுப்பிலேயே அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்குத் தக்கபடி பிரித்துச் சொல்லித் தருவார்கள், அதுவும் இவர்களுக்குப் பொருத்தமானது.

நீங்களும் செய்யலாம். அந்த நாகலூர்ப் பெண்ணுக்கு நான் வாய்ப்பாட்டிலிருந்து தொடங்கவில்லை. தினமும் சாயங்காலம் அம்மா போட்ட எடையை ஒரு சின்ன நோட்டில் எழுத வைத்தேன். தேதி, காலை எடை, மாலை எடை, கூட்டல். மனதில் விடை ஏற்கெனவே இருந்ததால் எண்ணின் உருவத்தைப் பிடிப்பது மட்டும்தான் பாக்கி. பன்னிரண்டாவது நாள் 3 நேராக வந்தது. இருபதாம் நாள் வாக்கில், மேஸ்திரியின் கணக்கில் அம்மாவுக்கு நாலு கிலோ விட்டுப்போனதை நோட்டைக் காட்டிக் கேட்டாள். மேஸ்திரி திருத்திக் கொடுத்தார். அன்றைக்குத்தான் அவள் அப்பா முதல் முறையாக என்னிடம் வந்து, "நாளைக்கு ஸ்கூலு எத்தன மணிக்குங்க?" என்று கேட்டார். பெற்றவர்களிடம் படிப்பின் பெருமையைப் பேசுவதைவிட இப்படி ஒன்று நடப்பது மேல்.

எழுத்துக்கும் அப்படியே. தன் பெயர், அம்மா பெயர், பஸ்ஸின் பெயர்ப்பலகை. "ஏற்காடு", "சேலம்", "குப்பனூர்". படிக்கத் தெரிந்த முதல் சொல் பயன்படும் சொல்லாக இருந்தால் பிள்ளை விடாது.

படி 6: காலைச் சாப்பாடும் வழியும்

சேர்த்த பிறகு முதல் மூன்று வாரம்தான் கண்டம். பிள்ளை வராமல் போவதற்குக் காரணம் சின்னச் சின்ன விஷயமாக இருக்கும்.

சாப்பாட்டுக்கு அரசுத் தொடக்கப் பள்ளியில் வழி இருக்கிறது. மதிய உணவு காமராஜர் காலத்திலிருந்து வருகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. விடியற்காலையில் அடுப்பு மூட்ட நேரமில்லாத வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று லைன் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். இதைப் பெற்றோரிடம் முதல் பேச்சிலேயே சொல்லுங்கள். நடுவில் சேர்ந்த பிள்ளைக்குப் புத்தகம், சீருடை, செருப்பு இருப்பில் இல்லை என்று சொன்னால் விட்டுவிடாமல் வாரம் ஒரு முறை கேளுங்கள். மலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்பளி ஸ்வெட்டரும் உண்டு, மார்கழிக் குளிரில் அது இல்லாமல் பிள்ளை காலையில் எழுந்திருக்காது.

வழிதான் எனக்குக் கவலை. எஸ்டேட் உள்ளே இருந்து பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர் காப்பிச் செடிக்கும் சவுக்கு மரத்துக்கும் நடுவில் நடக்க வேண்டும். பனி மூடினால் பத்தடி தள்ளி ஒன்றும் தெரியாது, காட்டெருமை நிற்கும். தனியாக அனுப்பாதீர்கள். நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பெரியவரோடு அனுப்புங்கள். பள்ளி தூரமாக உள்ள மலைக் குடியிருப்புகளுக்குப் போக்குவரத்து, வழிக்காவலர் வசதி கேட்டுப் பள்ளி வழியாகவே வட்டார வள மையத்துக்கு எழுதலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் தலைவர். அவரைப் பிடித்துக் கூட்டத்தில் தீர்மானமாக எழுத வையுங்கள், வாயால் கேட்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

படி 7: கிளம்பும் நாள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

மாசி பங்குனியில் பழம் முடிந்ததும் மேஸ்திரி கணக்கு முடிப்பார். அடுத்த நாள் விடியற்காலை வண்டி வரும். அதற்கு முந்தின வாரமே பெற்றோரிடம் கேட்க வேண்டியவை: எங்கே போகிறீர்கள், எந்த ஊருக்குப் பக்கம், எவ்வளவு நாள், பிள்ளையை யாரிடமாவது விட முடியுமா?

விட முடியும் என்றால் அதுதான் நல்லது, வருடம் முடியும் வரையாவது. சொந்த ஊரில் பாட்டி இருந்தால் பாட்டியிடம். பழங்குடிப் பிள்ளை என்றால் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது, தங்கும் இடமும் சாப்பாடும் அங்கேயே. படிப்பை விட்ட பெண் பிள்ளைக்குக் கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா உண்டு. மற்றவர்களுக்கு ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி (2025-இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள்). இவற்றுக்கு ஜூன் ஜூலையில்தான் விண்ணப்பம் வாங்குவார்கள் என்பதால் இந்த ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டியே திட்டம் வேண்டும்.

ஆனால் ஏழு வயதுக் குழந்தையை விடுதியில் விடச் சொல்லிப் பெற்றவர்களை நெருக்க எனக்கு மனம் வந்ததில்லை. அந்த வயதில் அம்மாவோடு போய் அங்குள்ள பள்ளியில் சேர்வதே மேல். பத்து வயதுக்கு மேல், பிள்ளையும் சம்மதித்தால், விடுதி. பார்க்காமல் சேர்க்காதீர்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கழிப்பறை, படுக்கும் இடம், இரவில் யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் காட்டுங்கள். ஒரு விடுதியில் வார்டன் இரவில் தங்குவதே இல்லை என்று தெரிந்து, ஒரு பெண்ணை மூன்றாம் நாளே திரும்பக் கூட்டி வந்திருக்கிறேன்.

கூடவே போகும் பிள்ளைக்கு டி.சி., எமிஸ் எண், இந்த வருடம் எத்தனை நாள் வந்தது, எந்தப் பாடம் வரை முடித்தது என்று ஆசிரியர் கையெழுத்தோடு ஒரு தாள். அந்தத் தாள் எந்த விதியிலும் இல்லை, புதுப் பள்ளி ஆசிரியருக்கு அது பெரிய உதவி. போகும் ஊரில் பள்ளி எது என்று முன்பே விசாரித்து, அந்தத் தலைமை ஆசிரியருக்கு இங்கிருந்து ஒரு போன். குடகுக்கோ கேரளத்துக்கோ போகிறார்கள் என்றாலும் டி.சி. வாங்கிக்கொண்டே போகட்டும், கல்வி உரிமைச் சட்டம் அங்கேயும் இதேதான். ரேஷன் அரிசியும் ஒரே நாடு ஒரே அட்டை முறையில் போகும் ஊரில் கிடைக்கும். பெற்றோர் கையில் அந்த விவரமும் இருந்தால் கொஞ்சம் தைரியமாக இருப்பார்கள்.

படி 8: மறுத்தால்

முதலில் வட்டாரக் கல்வி அலுவலர், வாயால் அல்ல, எழுதி. "இந்தப் பெயருள்ள, இந்த வயதுப் பிள்ளையைச் சேர்க்க இந்தத் தேதியில் இந்தப் பள்ளிக்குச் சென்றோம். இன்ன காரணம் சொல்லி மறுத்தார்கள். கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5, 14, 15-இன்படி சேர்க்க உத்தரவிட வேண்டுகிறோம்." இவ்வளவு போதும். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் நகரவில்லை என்றால் சேலத்தில் முதன்மைக் கல்வி அலுவலர், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். போனில் கேட்க பள்ளிக் கல்வி உதவி எண் 14417.

பிள்ளையையே வேலைக்கு வைத்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் வைக்கக் கூடாது, எஸ்டேட், சூளை, ஜவ்வரிசி மில் எதுவாக இருந்தாலும். பள்ளி முடிந்து வீட்டுக்குக் கை கொடுப்பது வேறு. முன்பணத்துக்காகக் குடும்பத்தையே நகர விடாமல் வைத்திருக்கிறார்கள் என்றால் அது கொத்தடிமை, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் நேராகப் போக வேண்டும். தனியாகப் போய்ச் சண்டை போட்டு அந்தக் குடும்பத்தை ஆபத்தில் விடாதீர்கள்.

எட்டாம் வகுப்புக்கு மேல்

14 வயதோடு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு முடிகிறது. அதற்குமேல் டி.சி. கட்டாயம் கேட்பார்கள், வருகைப் பதிவும் பார்ப்பார்கள். அதனால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து இடம் மாற்றாமல் விடுதியில் வைப்பது நல்லது. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வை எழுத வையுங்கள், தேறினால் 9 முதல் 12 வரை வருடம் 12,000 ரூபாய். இரண்டு நாள் கூலிக்காகப் பிள்ளையை நிறுத்தும் யோசனை வீட்டில் வரும்போது இந்தத் தொகை பேசும். ஏற்கெனவே நின்றுவிட்ட பெரிய பிள்ளைகள் எட்டையும் பத்தையும் தனித்தேர்வராக எழுதலாம்.

அந்த நாகலூர்ப் பெண்ணின் குடும்பம் மாசிக் கடைசியில் ஆத்தூர் பக்கம் கிழங்கு பிடுங்கக் கிளம்பியது. முந்தின நாள் டி.சி. வாங்கிக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனேன். மார்க்கர் பேனாவால் மஞ்சப்பையின் உள்பக்கத்தில் எமிஸ் எண்ணை எழுதப் போனபோது, "நான் எழுதறேன் சார்" என்று வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு எண்ணாகத் தாளைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். இரண்டு இடத்தில் 3 வந்தது, இரண்டும் நேராக.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆத்தூர்ப் பக்கத்துப் பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். "காமன் பூல்ல பேரு இருக்குது சார். எடுத்துக்கிட்டோம். புள்ள நாலாங்கிளாஸ்ல உக்காந்திருக்குது."